ஒரே அலமாரியில் ஒரு கணினிக் கூடம்

மும்பை மாநகரில் தாராவிக்கும் பாந்திரா–குர்லா வணிக வட்டாரத்திற்கும் நடுவே மித்தி என்னும் சிற்றாறு ஓடுகிறது. ஒரு கரையில், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் பலர் வாழ்கின்றனர். மறு கரையில், ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்த இடத்தில், தேசியப் பங்குச் சந்தையும் பெரிய வங்கிகளும் கண்ணாடி மாளிகைகளில் இயங்குகின்றன. தாராவியில் உழைத்து ஈட்டிய பணம் ஊருக்குப் போய்ச் சேர, ஒரு தலைமுறைக்கு முன் மணியார்டர் படிவம் வேண்டியிருந்தது; தபால்காரர் வீட்டு வாசலில் நின்று நோட்டுகளை எண்ணிக் கொடுக்கச் சில நாட்கள் பிடித்தன. இன்று அதே தொகை கைபேசியில் சில எண்களைத் தட்டியதும் விநாடிகளில் சேர்ந்துவிடுகிறது.

அந்த விநாடிகளுக்குள் நடைபெறும் வேலை சிறிதன்று. அனுப்புபவர் யார், கணக்கில் பணம் உண்டா, பெறுபவர் எந்த வங்கியைச் சேர்ந்தவர் என்பனவற்றையெல்லாம் பொறிகள் சரிபார்க்கின்றன. பற்றும் வரவும் எழுதுகின்றன. எழுதியதை மற்றோர் இடத்திலும் படியெடுத்து வைக்கின்றன. இப்பொறிகள் குடியிருக்கும் இடமே தரவு மையம். வங்கிகளுக்கு மட்டுமன்றி, மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் இன்று இத்தகைய கூடம் இன்றியமையாததாகிவிட்டது. அதை எவ்வாறு அமைப்பது என்பதில் 2009-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஒரு மாறுதல் இப்போது எங்கும் பரவியுள்ளது. அதற்கு ஆங்கிலத்தில் 'கன்வர்ஜ்டு இன்ப்ராஸ்டிரக்சர்' என்று பெயர். தமிழில் ஒருங்கிணைந்த உள்கட்டமைப்பு எனலாம். அதன் இயல்பு யாது, அதனால் விளையும் நன்மை யாது, எச்சரிக்கை எங்கே தேவை என்பவற்றை ஆராய மும்பையை விடப் பொருத்தமான நகரம் இந்நாட்டில் இல்லை.

கூடத்தின் மூன்று உறுப்புகள்

தரவு மையத்தில் நுழைபவருக்கு முதலில் தெரிவது குளிரும் இரைச்சலும்தான். 'ராக்' எனப்படும் இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றினுள் தட்டையான பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை மூவகைப்படும்.

பழைய காலத்து வங்கிக் கிளை ஒன்றை நினைவுகூர்ந்தால் இவற்றின் வேறுபாடு விளங்கும். அங்கே கூட்டிக் கழித்துக் கணக்கிடும் கணக்கர் ஒருவர் இருப்பார். பேரேடுகளைப் பூட்டி வைக்கும் அறை ஒன்று இருக்கும். அறைக்கும் மேசைக்கும் இடையே பேரேடுகளைச் சுமந்து செல்லும் சிப்பந்தி ஒருவர் இருப்பார். தரவு மையத்தில் கணக்கரின் வேலையைச் செய்வது சர்வர் எனப்படும் கணினி. பேரேட்டு அறையாக இருப்பது சேமிப்பகம். சிப்பந்தியின் இடத்தில் இருப்பது வலையமைப்பு. சுவிட்சுகளும் வடங்களும் அதில் அடங்கும்.

நெடுங்காலம் இம்மூன்றும் தனித்தனியே வாங்கப்பட்டு வந்தன. சர்வர் ஒரு கம்பெனியுடையது, சேமிப்பகம் வேறொன்றுடையது, சுவிட்சு மூன்றாவதொன்றுடையது. ஒவ்வொன்றையும் பேணத் தனித் தனி நிபுணர் இருந்தனர். இவ்வேற்பாட்டில் ஓர் அனுகூலம் உண்டு: ஒவ்வொரு வகையிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். ஆயினும் ஒரு பெருங்குறையும் உண்டு. ஒருநாள் காலை கணக்குகள் மெதுவாக நகருமாயின், கணக்கர் சிப்பந்தியைக் குறை கூறுவார். சிப்பந்தி பேரேட்டு அறையைக் கை காட்டுவார். மூன்று கம்பெனிகளின் நிபுணர்களும் வந்து தத்தம் பெட்டி சரியாக இருப்பதாகச் சான்று கூறிச் செல்வர். எல்லா உறுப்புகளும் நலமாக இருக்க, உடல் மட்டும் நோயுற்றிருக்கும். கோளாறு பெரும்பாலும் உறுப்புகளில் அன்று, மூட்டுகளிலேயே இருந்தது.

முந்திய முயற்சிகள்

உறுப்புகளைப் பொருத்தி ஒரே அமைப்பாக இயக்கும் கலை மும்பைக்குப் புதிதன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மனின் தலைமையில் ஓர் இளம் குழுவினர் மின்னணுக் கணிப்பான் ஒன்றைத் தாமே வடிவமைத்தனர். 1956-இல் அதன் முன்மாதிரி இயங்கியது. 1960-இல் முழுப் பொறியும் பணியில் அமர்ந்தது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். 2,700 வெற்றிடக் குழல்களும் 12,500 மின்தடைகளும் அதில் இருந்தன. கணிக்கும் பகுதி, நினைவகம், உள்ளீடும் வெளியீடும் ஆகிய யாவும் ஒரே குழுவினரால் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சமைக்கப்பட்டவை. அதன் நினைவகம் 40 இருமக் கூறுகள் கொண்ட 2,048 சொற்களையே தாங்கும். இன்றைய கணக்கில் ஏறத்தாழப் பத்து கிலோபைட். ஆயினும் பழுது நேர்ந்தால் அது எங்கே என்று தேடுவதற்கு அக்குழுவினர் வேறெவரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

1961-இல், செம்பூரை அடுத்த டிராம்பேயில் சுத்திகரிப்பாலை வைத்திருந்த எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனி, பம்பாயில் ஐ.பி.எம். 1401 என்னும் வணிகக் கணிப்பானை நிறுவியது. இந்தியத் தனியார் துறையின் முதற் கணிப்பான்களுள் இதுவும் ஒன்று. அட்டைகளைப் படிக்கும் பொறியும் கணிக்கும் பொறியும் அச்சிடும் பொறியும் ஒரே கம்பெனியின் ஆக்கமாக ஒன்று சேர்ந்து வந்தன. இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டென்பது பின்னால் தெரிய வந்தது. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு நீங்கிற்று. நாடெங்கும் அதன் பொறிகளை நம்பியிருந்த நிறுவனங்களைக் கைவிடாமல் காத்தது, பராமரிப்பை ஏற்றுக்கொண்ட சி.எம்.சி. என்னும் பொதுத்துறை நிறுவனம்.

மூன்றாவது எடுத்துக்காட்டு டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம். வெளிநாட்டு மீத்திறன் கணினிகள் எளிதில் கிடைக்காத நிலையில், கடையில் விலைக்குக் கிடைக்கும் சாதாரணச் செயலிகள் பலவற்றை வேகமான இணைப்புகளால் பிணைத்து 'அனுபம்' என்னும் கணினி வரிசையை அந்நிலையத்தார் 1991 முதல் உருவாக்கினர். தனித்தனியே எளியவையாக உள்ள பெட்டிகளைத் திறம்பட இணைத்தால் வலிமை பிறக்கும் என்ற கொள்கையே அதன் அடிப்படை. இன்றைய ஒருங்கிணைந்த அமைப்பின் கொள்கையும் ஏறக்குறைய அதுவே.

ஒருங்கிணைப்பின் இயல்பு

2009-ஆம் ஆண்டில் சிஸ்கோ, இ.எம்.சி., வி.எம்.வேர் என்னும் மூன்று அமெரிக்கக் கம்பெனிகள் கூடி, சர்வர், சேமிப்பகம், வலையமைப்பு ஆகிய மூன்றையும் தொழிற்சாலையிலேயே ஓர் அலமாரியில் பொருத்தி, சோதித்து, ஒரே பண்டமாக விற்க முற்பட்டன. வாங்குபவர் மின்சாரத்தையும் வெளி இணைப்பையும் தந்தால் போதும். எந்தப் பெட்டியின் எந்தப் பதிப்பு மென்பொருள் மற்றெந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்பதை விற்பவரே ஆராய்ந்து உறுதி கூறுவார். பழுது நேர்ந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஒன்றே. ஒருங்கிணைந்த உள்கட்டமைப்பு என்பதன் முதல் வடிவம் இதுவாகும்.

இதனைச் சாத்தியமாக்கியவை இரண்டு நுட்பங்கள். ஒன்று, மெய்நிகர்க் கணினி. ஒரே சர்வரில் பல கணினிகள் தனித்தனியே இயங்குவது போன்ற தோற்றத்தை ஒரு மென்பொருள் உண்டாக்குகிறது. முன்பு சம்பளப் பட்டியலுக்கு ஒரு சர்வர், மின்னஞ்சலுக்கு ஒரு சர்வர் என வாங்கி, அவை பெரும்பாலான நேரம் வேலையின்றிக் கிடந்தன. மெய்நிகர் முறையில் அவையனைத்தும் சில சர்வர்களில் அடங்கின. மற்றொன்று, பொது வடம். சேமிப்பகத்திற்கென ஒரு வடமும் சாதாரணப் போக்குவரத்திற்கென வேறொரு வடமும் ஓடிய இடத்தில், இரண்டையும் ஒரே வடத்தில் செலுத்தும் வழி கண்டறியப்பட்டது. இதனால் அலமாரியின் பின்புறத்தில் தொங்கும் வடங்களின் காடு பெருமளவு குறைந்தது.

இரண்டாவது வடிவம் இதனினும் ஒரு படி மேலே செல்வது. இதில் தனிச் சேமிப்பகமே கிடையாது. ஒவ்வொரு சர்வரினுள்ளும் தட்டுகள் உள்ளன; எல்லாச் சர்வர்களின் தட்டுகளையும் மென்பொருள் ஒரே பெரிய சேமிப்பகமாகக் கருதி ஆள்கிறது. வங்கி உவமையில் சொன்னால், பேரேட்டு அறை எடுபட்டு, ஒவ்வொரு கணக்கரின் மேசையிலும் சில பேரேடுகள் வைக்கப்படுகின்றன. ஒரு கணக்கர் வராமற்போனால் என் செய்வது? அதற்காகவே ஒவ்வொரு பக்கமும் இரண்டு அல்லது மூன்று மேசைகளில் படியெடுத்து வைக்கப்படுகிறது. 2009-இல் இந்திய வம்சாவளியினரான மூன்று பொறியாளர்கள் அமெரிக்காவில் நிறுவிய நியுடானிக்ஸ் என்னும் கம்பெனி இம்முறையில் முன்னோடிகளுள் ஒன்று.

இம்முறையில் குறைந்தது மூன்று சர்வர்கள் வேண்டும் என்று பொதுவாக விதிக்கப்படுவதன் காரணம் கவனிக்கத்தக்கது. இரண்டே கணக்கர்கள் இருந்து அவர்களிடையே பேச்சு அறுந்தால், மற்றவர் இறந்துவிட்டாரா அல்லது கதவு மட்டும் அடைபட்டுள்ளதா என்று ஒருவருக்கும் தெரியாது. இருவரும் தாமே பொறுப்பேற்றுத் தனித்தனியே பேரேடு எழுதத் தொடங்கினால், கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும். பின்னர் எது மெய்யென்று தீர்ப்பது அரிது. மூன்றாமவர் ஒருவர் இருந்தால், இருவர் ஒத்த பக்கமே பெரும்பான்மை. அதுவே தொடர்ந்து எழுதும். தனித்துப் போனவர் பேனாவை மூடிவைப்பார்.

நன்மைகள்

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள நடுத்தர அளவான ஒரு கூட்டுறவு வங்கியையோ மருத்துவமனையையோ எண்ணிப் பார்க்கலாம். அங்கே கணினிப் பிரிவில் நான்கைந்து பேரே இருப்பர். மூன்று துறைகளுக்கும் தனி நிபுணர்களை அமர்த்த அவர்களால் இயலாது. ஒருங்கிணைந்த அமைப்பில் ஒரே திரையில் எல்லாப் பெட்டிகளின் நிலையையும் காணலாம். புதிய பணிக்கு ஒரு மெய்நிகர்க் கணினி வேண்டுமாயின், வாரக் கணக்கில் காத்திராமல் அன்றே உண்டாக்கலாம். தேவை பெருகினால் மற்றொரு பெட்டியைச் சேர்த்தால் போதும். இட நெருக்கடி மிக்க மும்பையில், பல அலமாரிகள் நின்ற இடத்தில் ஒன்றிரண்டு நிற்பதும் சிறு லாபமன்று.

இவற்றினும் மேலான நன்மை ஒன்றுண்டு. மூட்டுகள் முன்னரே சோதிக்கப்பட்டு வருகின்றன. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் செலவில், தன் வாடிக்கையாளரின் பொறுமையைப் பணயம் வைத்துச் செய்த சோதனையை, இப்போது ஆக்குபவரே தம் சோதனைச் சாலையில் செய்துவிடுகிறார்.

ஒரு பிற்பகலின் பாடம்

மூட்டுகளின் முக்கியத்துவத்தை நாடு முழுவதும் உணர்ந்த நாள் 2021 பிப்ரவரி 24. மித்தி ஆற்றின் அக்கரையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை 1994-இல் மின்னணு வணிகத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக நாடெங்குமுள்ள தரகர்களை இணைத்துப் புகழ் பெற்றது. அன்று காலை பத்து மணிக்குப் பின் சந்தைக் குறியீட்டெண் திரையில் அசையாது நின்றது. 11.40 மணியளவில் வணிகம் முழுவதும் நிறுத்தப்பட்டது. மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கி, 5 மணிவரை நீட்டிக்கப்பட்டது. வழக்கமாகச் சந்தை 3.30-க்கு மூடப்படும். மீண்டும் திறக்குமா என்று அறியாத நிலையில், தரகர்கள் பலர் தம் வாடிக்கையாளரின் அன்றைய பேரங்களை மற்றொரு சந்தையான பி.எஸ்.ஈ.-யில் முடித்துவிட்டனர். இதனால் பொருள் இழந்தவர்களும் உண்டு.

பின்னர் சந்தை நிர்வாகம் வெளியிட்ட விளக்கத்தின் சாரம் இதுவே. முதன்மைக் கூடத்திற்கும் அண்மையிலுள்ள மாற்றுக் கூடத்திற்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் இணைப்புகள் இருந்தன. ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. ஆனால், வழியில் நடைபெற்ற தோண்டும் பணிகளால் இரண்டு இணைப்புகளுமே நிலைகுலைந்தன. அவை முற்றிலும் அறுந்திருந்தால்கூட விளைவு வேறாக இருந்திருக்கலாம்; அறுவதும் பொருந்துவதுமாகத் தடுமாறின. அத்தடுமாற்றத்தில் சேமிப்பக வலையமைப்பு எதிர்பாராத வகையில் நடந்துகொண்டு, சர்வர்கள் அதனை அணுக இயலாதவாறு செய்துவிட்டது. பேரங்களின் அபாயத்தை அளந்து கண்காணிக்கும் அமைப்பு செயலற்றது. அது இல்லாமல் வணிகம் நடத்துவது முறையன்று. ஆகவே சந்தை நிறுத்தப்பட்டது.

இந்நிகழ்ச்சி இரு வேறு பாடங்களைப் புகட்டுகிறது; ஒன்றை மட்டும் கற்று மற்றதை விடுவது பிழை. முதலாவது, சர்வர்கள் பழுதுபடவில்லை. கணிக்கும் திறனில் குறைவில்லை. பிழை உறுப்புகளுக்கு இடையே நேர்ந்தது. எனவே, உறுப்புகளைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்னும் ஒருங்கிணைப்பாளரின் வாதம் வலுப்பெறுகிறது. இரண்டாவது, பல பணிகள் ஒரே சேமிப்பகத்தைச் சார்ந்திருந்தால், அது நின்றபோது அவை யாவும் நிற்கும். எனவே, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பவர், தோல்வியையும் ஒன்றாகச் சேர்க்கிறார் என்ற எச்சரிக்கையும் வலுப்பெறுகிறது.

அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி தன் விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு ஒன்று நின்றால், 30 நிமிடங்களுக்குள் அதனைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும் என்றும், மீட்புக்கு 45 நிமிடங்களே காலவரம்பு என்றும் அது வகுத்தது. மனிதர்கள் கூடிப் பேசித் தயங்கும் நேரமும் பழுதின் ஒரு பகுதியே என்பதை இவ்விதி ஒப்புக்கொள்கிறது.

ஒளியின் வேகமும் சென்னையும்

ஒரு படியைத் தொலைவிலுள்ள நகரத்தில் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். தேசியப் பங்குச் சந்தையின் பேரிடர் மீட்புக் கூடம் சென்னையில் உள்ளது. மும்பையைத் தாக்கும் வெள்ளமோ நில நடுக்கமோ சென்னையை அதே நாளில் தாக்குவது அரிது. ஆயினும் இங்கே இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சென்று திரும்பும் பயணத்திற்கு, தூரத்தின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து மைக்ரோ விநாடி ஆகும். பத்து கிலோமீட்டருக்குள் உள்ள கூடத்திலிருந்து 'எழுதிவிட்டேன்' என்ற விடை பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் வந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ள சென்னையிலிருந்து அதே விடை வர, நூறில் ஒரு பங்கு விநாடியேனும் ஆகும். மனிதருக்கு இது கண்ணிமைப்பதிலும் குறைவு. ஆனால், ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான பேரங்களைப் பதியும் பொறிக்கு இது நெடுங்காத்திருப்பு.

ஆகவே, அண்மைக் கூடத்திற்கு ஒவ்வொரு பதிவும் உடனுக்குடன் செல்கிறது. அங்கிருந்து விடை வந்த பின்னரே அடுத்த வேலை. தொலைக் கூடத்திற்குச் சற்றுப் பின்தங்கியே படிகள் செல்கின்றன. அண்மைக் கூடம் பதிவை இழக்காமல் காக்கும். தொலைக் கூடம் நகரமே முடங்கினாலும் பணியைக் காக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எத்தகைய ஒருங்கிணைந்த பெட்டியை வாங்கினாலும் இந்தப் பௌதிக விதியிலிருந்து விலக்கு இல்லை.

மாற்றுக் கூடம் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு மாறிப் பழகவும் வேண்டும். 2024 மார்ச்சு 2-ஆம் நாளும் மே 18-ஆம் நாளும், விடுமுறையான சனிக்கிழமைகளில், மும்பைச் சந்தைகள் சிறப்பு வணிகம் நடத்தின. முதற்பகுதி முதன்மைக் கூடத்திலிருந்தும், இரண்டாம் பகுதி மீட்புக் கூடத்திலிருந்தும் நடைபெற்றன. உண்மைப் பணத்தோடு, உண்மை வாடிக்கையாளரோடு செய்யப்பட்ட ஒத்திகை இது.

மின்சாரமும் வெப்பமும் வெள்ளமும்

ஒருங்கிணைப்பு பெட்டிகளை நெருக்கமாக அடுக்குகிறது. ஒரு சர்வர் உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. மூன்று அலமாரிகளின் வேலையை ஓர் அலமாரி செய்தால், மொத்த வெப்பம் குறையலாம். ஆனால், அந்த ஓரிடத்தின் வெப்பம் மிகும். உள்ளே புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருப்பது நன்றென இத்துறையின் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் பரிந்துரைத்துள்ளது. ஆண்டின் பெரும்பகுதி வெப்பமும் ஈரமும் மிகுந்த மும்பையில், குளிர்சாதனம் நின்றால் சில நிமிடங்களில் இவ்வெல்லை தாண்டப்படும். எனவே, பழைய கூடத்தில் புதிய அலமாரியை நிறுத்துமுன் குளிர்சாதனம் அவ்விடத்திற்குப் போதுமா என்று அளந்தறிதல் அவசியம்.

மின்சாரத்தின் நிலையும் அவ்வாறே. செம்பூரையடுத்த டிராம்பேயில் 1956-இல் இயங்கத் தொடங்கிய டாட்டா அனல் மின் நிலையம் நகருக்கு நெடுங்காலமாக ஒளி தருகிறது. வெளி மின் தொடர் குலைந்தாலும் நகரைத் தனித்தீவாக்கிக் காக்கும் ஏற்பாடும் மும்பைக்கு உண்டு. ஆயினும் 2020 அக்டோபர் 12-ஆம் நாள் காலை, மின் கடத்தும் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, மாநகரின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. மின்சார ரயில்கள் நடுவழியில் நின்றன. அன்று பங்குச் சந்தைகள் தடையின்றி இயங்கின. மின்கலங்களும் டீசல் ஜெனரேட்டர்களும் அவற்றைத் தாங்கின. எவரும் கவனியாத அந்தப் பொறிகளே அன்றைய நாளைக் காப்பாற்றின.

வெள்ளத்தின் நினைவோ இன்னும் ஆழமானது. 2005 சூலை 26-இல் தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி கரைபுரண்டது; குர்லாவும் தாராவியும் நீரில் மிதந்தன. மும்பையிலிருந்த மைய அமைப்புகளோடு தொடர்பு அறுந்ததால், மழையே பெய்யாத ஊர்களிலும் பணம் வழங்கும் ஏ.டி.எம். பொறிகள் வேலை செய்யவில்லை. தரைத்தளத்தில் ஜெனரேட்டர் வைப்பதும், எல்லா வடங்களையும் ஒரே வாயிற்குழி வழியாகக் கொண்டுவருவதும் எத்துணை ஆபத்தானவை என்பதை அந்நாள் உணர்த்தியது.

ஒருவரையே நம்புதல்

இன்னொரு சார்பும் கருதத்தக்கது. எல்லாவற்றையும் ஒருவரிடமே வாங்குபவர், விலையையும் விதியையும் அவரே வகுக்க இடமளிக்கிறார். 1978-இல் ஐ.பி.எம். நீங்கியபோது கிடைத்த பாடம் இக்காலத்திற்கும் பொருந்தும். 2023 நவம்பரில் பிராட்காம் என்னும் கம்பெனி, மெய்நிகர் மென்பொருளில் முதன்மை வகித்த வி.எம்.வேரை விலைக்கு வாங்கிற்று. ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக உரிமை பெறும் முறை அதற்கடுத்த மாதமே நிறுத்தப்பட்டு, காலத் தவணைச் சந்தா முறை வந்தது. உலகெங்கும் பல நிறுவனங்கள் தம் செலவுக் கணக்கைத் திருத்தி எழுத நேர்ந்தது. பொறி கெடவில்லை, ஒப்பந்தம் மாறியது. அவ்வளவே.

இதற்காக ஒருங்கிணைந்த அமைப்பையே ஒதுக்குவது அறிவுடைமையாகாது. வாங்கும் நாளிலேயே வெளியேறும் வழியையும் கேட்டறிய வேண்டும். சேமித்த தரவை வேறு அமைப்புக்கு மாற்ற இயலுமா, எத்தனை நாளில், என்ன செலவில் என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கான முழுச் செலவையும், மென்பொருள் உரிமைக் கட்டணத்தோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

எவருக்குப் பொருந்தும்?

பல சிறு பணிகளைக் குறைந்த பணியாளரைக் கொண்டு நடத்தும் நிறுவனங்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. கல்லூரிகள், நடுத்தர மருத்துவமனைகள், கூட்டுறவு வங்கிகள், நகராட்சி அலுவலகங்கள் இவ்வகையின. மாறாக, ஊடுகதிர்ப் படங்களையும் ஸ்கேன் படங்களையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்து வைக்கும் பணியில் சேமிப்பு மட்டும் வளரும். கணிக்கும் தேவை வளராது. சர்வரும் தட்டும் ஒன்றாகவே வரும் அமைப்பில், வேண்டாத கணிப்புத் திறனுக்கும் அங்கே விலை கொடுக்க நேரும். அத்தகைய பணிக்குத் தனிச் சேமிப்பகமே சிக்கனமானது. மின்னல் வேகத்தில் பேரம் பதியும் அமைப்புகளுக்கும் தனி ஏற்பாடே சிறக்கும். ஒரே நிறுவனத்தில் இரு முறைகளும் அடுத்தடுத்து நிற்பதில் தவறில்லை.

தேர்ந்தெடுத்த பின்னரும் கடமை முடிவதில்லை. ஒரு கூடத்திற்குள் ஒருங்கிணைக்கலாம். ஆனால் கூடங்களைப் பிரித்தே வைக்க வேண்டும். இரு இணைப்புகள் வாங்கினால் அவை வெவ்வேறு தெருக்களின் வழியே வருகின்றனவா என்று நடந்தே சென்று பார்க்க வேண்டும். காப்புப் படி ஒன்றேனும் அந்த அமைப்புக்கு வெளியே, அதன் மென்பொருள் தொட இயலாத இடத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் முதன்மைக் கூடத்தை வேண்டுமென்றே நிறுத்தி, மாற்றுக் கூடத்தில் ஒரு நாள் வேலையை நடத்திப் பார்க்க வேண்டும். பொறியாளர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். எனினும் ஒத்திகையில் வெளிப்படும் பிழை, வாடிக்கையாளரின் முன் வெளிப்படும் பிழையைவிட எவ்வளவோ மலிவானது.

தாராவியில் இரவு வேலை முடித்து, ஊரிலிருக்கும் தாய்க்கு மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்புகிறவர் இவை எதையும் அறிய வேண்டியதில்லை. சர்வர் எது, சேமிப்பகம் எது என்று அவர் கேட்பதும் இல்லை. அவர் எதிர்பார்ப்பதெல்லாம், கணக்கிலிருந்து கழிந்த தொகை மறு கணக்கில் ஏறவேண்டும் என்பதே. மழை பெய்யும் இரவிலும், மின்சாரம் நின்ற காலையிலும், தெருவில் யாரோ வடத்தை வெட்டிய பிற்பகலிலும் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுமாறு செய்வதே தரவு மையத்தின் வேலை. ஒருங்கிணைந்த அமைப்பு அதற்கு ஒரு நல்ல கருவி. அதன் மறுபடியை வேறோரிடத்தில் வைத்து, அங்கு மாறிப் பழகிய நிறுவனமே அக்கருவியின் முழுப் பயனையும் பெறும்.